குறிப்பாக இந்த வீட்டுக்காக

றீற்றாவிடம் ஒரு குணம் உண்டு. யாருக்காவது ஒரு கஷ்டம் என்று காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. கேட்டவர்களுக்கும் செய்வாள், கேளாதவர்களுக்கும் செய்வாள். கேளாதவர்களுக்குச் செய்வதில் அவளுக்குச் சற்றுக் கூடுதலான திருப்தி என்றுகூடச் சொல்லலாம். பாலையூற்றுத் தேவாலயப் பங்கில் எல்லோரும் அதை நல்ல குணம் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள், அஞ்சலோ வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும்.

உட்துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பனியில் அவளுக்கு வேலை. ஊழியர்களின் லீவு, சம்பளச் சிட்டை, மருத்துவக் காப்புறுதி எல்லாம் அவளுடைய மேசையைத் தாண்டித்தான் போகும். காப்புறுதி கம்பனி எடுத்துக் கொடுத்தது. ஊழியருக்கும் அவருடைய துணைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே திட்டம். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு வெட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தெழும்பி வந்தவர் டொக்டரின் அறிக்கையையும் பற்றுச்சீட்டையும் றீற்றாவிடம் கொடுத்தால், அவள் கொழும்பிலுள்ள காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பிவைப்பாள். ஊழியர்கள் அதைக் கிளெய்ம் போடுவது என்பார்கள்.

திட்டத்தின் கைநூல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்திருந்தது. தமிழ் எங்கே என்று கேட்டு எழுதிக் களைத்துப்போன மனேஜர் ஜவ்பர் சேர், கடைசியில் றீற்றாவையே தமிழில் எழுதித் தரச் சொன்னார். அவளும் ஆசையாக உட்கார்ந்து எழுதினாள். ‘உறுப்பினரின் உரிமைகளும் பொறுப்புகளும்’ என்று தலைப்புப் போட்டாள். கலியாணம் முடித்தால், பிள்ளை பிறந்தால் உடனே பதிய வேண்டும். காப்புறுதி அட்டையை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் கிளெய்ம் போட வேண்டும். பொய் விபரம் தரக் கூடாது. இவை பொறுப்புகள். கிளெய்மை மறுத்தால் காரணம் கேட்கலாம். திருப்தி இல்லையென்றால் மேன்முறையீடு செய்யலாம். நோய் பற்றிய விபரம் உறுப்பினருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் இடையிலானது, அதை ஒட்டிய உறையில் கொடுத்தால் வேலைத்தலத்தில் எவரும் திறக்கக் கூடாது. இவை உரிமைகள். இந்தக் கடைசி வரிக்கு முதலில் ‘இரகசியம்’ என்று எழுதினாள். அது ஏதோ கள்ளர் பேசுகிற சொல் மாதிரி இருந்ததால் வெட்டிவிட்டு ‘அந்தரங்கம்’ என்று போட்டாள். நல்ல சொல் அகப்பட்டது என்று அன்றைக்கு முழுவதும் சந்தோசமாக இருந்தாள்.

அவள் எழுதியதை நோட்டீஸாக வாசலில் ஒட்டிய அதே வாரம், ஒட்டிக் கொடுத்த உறைகளையும் அவள் திறந்துகொண்டுதான் இருந்தாள்.

அதற்கு அவளிடம் நியாயம் இருந்தது. முன்னொரு முறை ஒரு லொறிச் சாரதியின் கிளெய்ம், டொக்டரின் முத்திரை இல்லை என்று கொழும்பிலிருந்து திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, தவணை கடந்து வீணாகிப் போயிற்று. அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. றீற்றாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. அதன் பிறகு எல்லா உறைகளையும் கத்திரிக்கோலால் வெட்டி, கையெழுத்து, முத்திரை, திகதி எல்லாம் சரிபார்த்து, புதிய உறையில் போட்டு அனுப்புவாள். அவள் கையால் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. பெரும்பாலானோர் ஒட்டாமலேதான் கொண்டுவருவார்கள்; ஒட்டிக் கொண்டுவரும் ஒன்றிரண்டு பேருக்கு அவள் திறப்பது தெரியாது. விதி என்பது கண்டதையும் வாசித்துக் கதைத்துத் திரிகிறவர்களுக்கு. தான் வாசிப்பது வேறு என்பது அவளுடைய எண்ணம். அப்படி அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கே கேட்டிருக்கும்.

அஞ்சலோ கிரேன் ஓட்டுகிறவன். கதைக்கிற ஆள் இல்லை. ஒரு காலை வந்து, பழுப்பு நிற உறை ஒன்றை மேசையில் வைத்து, “கிளெய்ம், அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். றீற்றா வழக்கம் போல வெட்டித் திறந்தாள். முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. திகதி சரி. அத்தோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் அது அவனுடைய மனைவி தர்ஷனாவின் பெயரில் இருந்தது. தர்ஷனாவை அவளுக்குத் தெரியும். அதே பங்கு, அதே அன்பியச் செபக் கூட்டம். எனவே வாசித்தாள். மூன்று மாதம் கூட ஆகாத கரு கலைந்து, நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தர்ஷனாவை வாட்டில் மறித்து வைத்திருந்திருக்கிறார்கள். டொக்டர் இரண்டாவது பக்கத்தில் எழுதியிருந்ததையும் றீற்றா விடவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அழுதாள் என்பதும் உண்மை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புது உறையில் போட்டு அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பினாள்.

பிரச்சினை என்னவென்றால், றீற்றாவுக்கு ஒன்று தெரிந்த பிறகு அது தெரியாதது போல இருக்கப் பழக்கம் இல்லை. ஞாயிறு பூசையில் தர்ஷனாவைக் கண்டபோது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தர்ஷனாவோ சிரித்துக்கொண்டு போனாள். என்ன மனத்துணிவு இந்தப் பிள்ளைக்கு என்று றீற்றா நினைத்தாள். நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு இடமே இல்லை.

அன்பியம் என்பது பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்த செபக் கூட்டம். வெள்ளி மாலைகளில் முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவார்கள். செபமாலை முடிந்ததும் மன்றாட்டு. அந்த நேரம் யாரும் மனதில் உள்ளதைச் சொல்லலாம். மற்றவர்கள் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பார்கள். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள்தான், ஆனாலும் பெயர், விலாசம், படுத்திருக்கும் ஆஸ்பத்திரி, சீனி வருத்தம் என்றால் சீனியின் அளவு என்று எல்லாம் விபரமாகச் சொல்லித்தான் மன்றாடுவார்கள். இதில் றீற்றாவை மிஞ்ச ஆள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை முறை அஞ்சலோவின் வீட்டுக்கு. அஞ்சலோ கப்பல் வேலையில் நின்றான். அவனுடைய தாய் புஷ்பவதிதான் எல்லோரையும் இருத்தினாள். தர்ஷனா சுவரோரம் பாயில் இருந்தாள். மன்றாட்டு நேரம் வந்ததும் றீற்றா கண்ணை மூடி, கருவிலேயே பிள்ளைகளை இழந்த தாய்மாருக்காக என்று பொதுவாகத்தான் தொடங்கினாள். பொதுவாகச் சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை போல அவளுக்குப் பட்டது. வீட்டுக்காரருக்கு எப்படியும் தெரிந்திருக்கும், அவர்கள் ஆறுதலடைவார்கள் என்று நினைத்தாள்.

“குறிப்பாக இந்த வீட்டுக்காக. தன்ர முதல் பிள்ளையை இழந்து போய், ஒருத்தருக்கும் காட்டாமல் தாங்கிக்கொண்டிருக்கிற எங்கட மகள் தர்ஷனாவுக்காக…”

எல்லோரும் சேர்ந்து சொல்லும் அந்த மறுமொழி வரவில்லை. காது கொஞ்சம் மந்தமான அந்தோனிப்பிள்ளை ஐயா மட்டும் வழக்கம் போல உரத்துச் சொன்னார். றீற்றா கண்ணைத் திறந்தாள். புஷ்பவதி மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பிள்ளை?” என்று புஷ்பவதி கேட்டாள்.

தர்ஷனாவின் முகத்தைப் பார்த்த அந்த நொடியில் றீற்றாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புருசனைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காக இந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். தர்ஷனா மூதூரில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள்; தினமும் சீனன்குடா, கிண்ணியா தாண்டி பஸ்ஸில் போய் வருவாள். வயிற்றில் ஒன்று தங்க வேண்டுமென்றால் முதலில் அந்த பஸ்ஸை விட வேண்டும் என்று புஷ்பவதி கலியாணம் முடிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வருவது பங்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

“உங்களுக்கு இதை ஆர் சொன்னது, றீற்றா?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். உறையை வெட்டித் திறந்தேன் என்று சொல்ல அந்த இடத்தில் அவளுக்கு நா எழவில்லை. வாய் தானாக வேறொன்றைச் சொன்னது.

“அஞ்சலோதான் சொன்னவர்.”

தர்ஷனா எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள். யாரோ பாட்டு ஒன்றைத் தொடங்கிச் சமாளித்தார்கள். பிறகு தேத்தண்ணி வந்தது. றீற்றா குடித்தாள். என்ன குடித்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த நாளே தர்ஷனா லிங்கநகரில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டாள். ‘உங்களை நம்பித்தானே ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தனான்’ என்று புருசனுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, அவனுடைய அழைப்புகளை எடுக்கவில்லையாம். இதைச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி, பாவம் அந்தப் பெடியன் வாய்க்கு வந்ததை வேலை செய்கிற கந்தோரில் கதைத்துவிட்டான் போல என்றும் சேர்த்துச் சொன்னாள். றீற்றா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய்க் குசினியில் நின்றுகொண்டாள். அவளுக்குத் தன்னை நினைக்கக் கூசியது. வாயே திறக்காத ஒருவன் மேல், வாயை மூடத் தெரியாத ஒருத்தி பழியைப் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை அஞ்சலோ வந்தான். சண்டைக்கு வருவான் என்று அவள் பயந்திருந்தாள். சண்டை பிடித்திருந்தால் எவ்வளவோ நல்லது. அவன் மேசைக்கு முன்னால் நின்று, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான்.

“அக்கா, நான் அதை ஒட்டித்தானே தந்தனான்?”

அவன் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டான். கொண்டுவரும் வழியில் எங்காவது பிரியவிட்டேனோ, என் பிழைதானோ என்று இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறான் என்பது அவனுடைய கண்ணிலேயே தெரிந்தது. றீற்றா அக்கா திறந்திருப்பாள் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. எப்படி வரும்? திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியவளே அவள்தானே.

“ஒட்டித்தான் தந்தனீங்கள், தம்பி,” என்றாள் றீற்றா. “பசை சரியில்லை போல. மேசையில கிடக்கேக்க தானா விரிஞ்சிட்டுது. அப்பதான் கண்ணில பட்டது. அண்டைக்கு எல்லாரும் கேக்கேக்க பதட்டத்தில உங்கட பேர் வந்திட்டுது.”

ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய். அதுவும் எவ்வளவு லேசாக வந்தது என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அஞ்சலோ அதை அப்படியே நம்பினான். நம்பியது மட்டுமல்ல, அவனுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அப்படியென்றால் இதை ஒருக்கால் தர்ஷனாவிடம் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டான். தான் யாரிடமும் கதைக்கவில்லை என்று ஆள் விட்டுச் சொல்லியும் அவள் நம்பவில்லையாம். றீற்றா அக்கா சொன்னால் நம்புவாளாம். றீற்றா சொல்கிறேன் என்றாள்.

லிங்கநகருக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள் அந்தப் பசைக் கதையை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். வெட்கத்தோடுதான் ஒத்திகை பார்த்தாள், ஆனால் பார்த்தாள். இந்தக் கதையில் எல்லோருக்கும் நல்லது இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அஞ்சலோ மேல் பழி நீங்கும். தர்ஷனா வீட்டுக்குத் திரும்புவாள். தன்னுடைய பெயரும் கெடாது. பசைக்கு மட்டும்தான் கெட்ட பெயர். பசை வந்து வழக்கா பேசப் போகிறது?

தர்ஷனா விறாந்தையில் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் எழுந்து ஒரு கதிரையைத் தூசி தட்டிப் போட்டாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. றீற்றா இருந்தாள். அஞ்சலோ தன்னிடம் ஒன்றும் கதைக்கவில்லை என்றாள். உறை எப்படித் தானாக விரிந்தது, எப்படித் தன்னுடைய கண்ணில் தற்செயலாகப் பட்டது என்று சொல்லி முடித்தாள். தர்ஷனா குறுக்கே ஒரு வார்த்தை கதைக்காமல் கேட்டாள்.

“அதை ஒட்டினது நான், அக்கா,” என்றாள் பிறகு.

றீற்றா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

“பசை பூசி, அதுக்கு மேல செலோரேப்பும் சுத்தி ஒட்டினனான். என்ர மனுசன் போர்மில கையெழுத்து வைச்ச உடனே வாங்கி, டொக்டரின்ர அறிக்கையை அவருக்கும் காட்டாமல் ஒட்டினனான். ஒட்டிக் குடுத்தா ஒருத்தரும் திறக்கேலாது எண்டு உங்கட நோட்டீஸைப் போனில படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினவர். றீற்றா அக்காவே எழுதியிருக்கிறா, பயப்பிடாத எண்டவர்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். வகுப்பில் பிள்ளைக்குக் கணக்கு விளங்கப்படுத்துவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். றீற்றாவுக்கு முகம் முழுவதும் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“கத்திரிக்கோலால வெட்டித் திறந்தனான்,” என்றாள். “எல்லாருடையதையும் அப்பிடித்தான் திறக்கிறனான். அவர் ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொன்னவர் எண்டது நான் சொன்ன பொய். பசை எண்டதும் பொய்.”

“முழுக்க வாசிச்சீங்களா?”

“ஓம்.”

“ரெண்டாம் பக்கமும்?”

“ஓம்.”

தர்ஷனா திருத்திய கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். இரண்டாம் பக்கத்தில் டொக்டர் எழுதியிருந்தது இதுதான்: தினமும் பஸ்ஸில் போய் வந்ததால்தான் இப்படி நடந்ததா, என்னுடைய பிழையா என்று நோயாளி திரும்பத் திரும்பக் கேட்டார், பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளங்கப்படுத்தப்பட்டது.

“நான் டொக்டரிட்ட அப்பிடி அழுது கேட்டது என்ர மனுசனுக்கே தெரியாது,” என்றாள் தர்ஷனா. “உங்களுக்குத் தெரியும்.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்த வாயை றீற்றா மூடிக்கொண்டாள். தர்ஷனா போனை எடுத்து உள்ளே போய் அஞ்சலோவோடு கதைத்தாள். நீண்ட நேரம் கதைத்தாள். இடையில் ஒருமுறை அழுதாள் போலவும் இருந்தது. றீற்றா விறாந்தையில் தனியே இருந்து, காது கொடுக்காமல் இருக்க முயன்றாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. திரும்பி வந்த தர்ஷனா, எங்கே வைத்துப் பொய் சொன்னீர்களோ அங்கேயே, அதே ஆட்களுக்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை றீற்றா முதலில் ஜவ்பர் சேரிடம் போனாள். ஒட்டிய உறைகளைத் திறந்துவந்ததைச் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் போனாள். ஜவ்பர் சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நல்லதுக்குத்தானே செய்தீர்கள், நீங்கள் பார்க்காவிட்டால் பாதிக் கிளெய்ம் திரும்பி வரும், இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றார். அவள் விடவில்லை. இனிக் கேட்பவர்களுடையதை மட்டும்தான் பார்ப்பேன், அதுவும் அவர்களுக்கு முன்னால் வைத்துத்தான் பார்ப்பேன், ஒட்டியது ஒட்டியபடியே போகும் என்றாள். கிளெய்ம் திரும்பி வந்தால் ஊழியர்கள் உங்களைத்தான் ஏசுவார்கள் என்று எச்சரித்தார். ஏசட்டும் என்றாள். அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்குப் பாரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அவர் அவ்வளவு சுலபமாக மன்னித்தது ஏதோ தண்டனையிலிருந்து குறுக்கு வழியால் தப்பியது போல இருந்தது.

அன்பியம் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு வீட்டுக்குப் போக வேண்டியது. றீற்றா புஷ்பவதியின் கையைப் பிடித்துக் கேட்டு மறுபடியும் அந்த வீட்டிலேயே வைத்தாள். காரணம் தெரியாமலே புஷ்பவதி சம்மதித்தாள். மருமகள் திரும்பி வந்துவிட்ட சந்தோசத்தில் கட்லட்டும் பொரித்து வைத்திருந்தாள். அன்றைக்கு அஞ்சலோவும் வீட்டில் நின்றான். தர்ஷனா அவனுக்குப் பக்கத்தில், அதே சுவரோரம் இருந்தாள்.

செபமாலை முடிந்தது. மன்றாட்டு நேரம் எல்லோரும் பழக்கத்தில் றீற்றாவைத்தான் முதலில் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். கண்ணை மூடவில்லை. மூடினால் செபமாகிவிடும் என்று பயந்தாள். இது செபம் இல்லை. அஞ்சலோ எனக்கு எதுவும் சொல்லவில்லை, அவர்கள் ஒட்டிக் கொடுத்த உறையை நான் வெட்டித் திறந்து வாசித்தேன், அது அவர்களுடைய அந்தரங்கம், அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை, இங்கே வைத்து அஞ்சலோ மேல் பொய்யாகப் பழி போட்டேன் என்று சொன்னாள். சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. சொல்லி முடித்தும் உட்காரத் தோன்றாமல் நின்றாள்.

அவள் எதிர்பார்த்தது வசை. கிடைத்தது தேறுதல். அழாதே பிள்ளை என்று ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். நல்ல மனசோடுதானே செய்தனீங்கள் என்றாள் இன்னொருத்தி. நீங்கள் சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கவலை எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது, கடவுள்தான் உங்களைக் கொண்டு சொல்ல வைத்தார் என்று மூன்றாவது ஒருத்தி சொன்னபோது சிலர் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருவர்கூடத் தர்ஷனாவின் பக்கம் திரும்பவில்லை. போன வாரம் இதே இடத்தில் இருந்திருந்தால் நானும் இப்படித்தான் கதைத்திருப்பேன் என்பது றீற்றாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

புஷ்பவதி பெருமூச்சு விட்டாள்.

“தெரிஞ்சதும் நல்லதுக்குத்தான். இனியாவது அந்த பஸ்ஸை விடச் சொல்லலாம். பஸ் குலுக்கினா எந்தப் பிள்ளை தங்கும்?”

அந்த நேரம் றீற்றாவின் நாக்கு நுனியில் டொக்டரின் வசனம் வந்து நின்றது. சொல்லுக்குச் சொல் அவளுக்கு மனப்பாடம். ஒரு வரி சொன்னால் போதும்; புஷ்பவதியின் வாய் அடைபடும், தர்ஷனாவின் மேல் விழப்போகும் பழி இந்த இடத்திலேயே ஒழியும். பட்ட கடனை ஒரே மூச்சில் தீர்த்தது போலவும் இருக்கும். உதவி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுடைய வாழ்நாளில் வந்ததில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அது அவளுடையது இல்லை. தர்ஷனா தன்னைப் பார்ப்பது தெரிந்தது. இவள் இப்போது சொல்லப் போகிறாள் என்று தர்ஷனா காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. றீற்றா தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பிறகு தர்ஷனாவே பேசினாள்.

“பஸ்ஸால இல்லை, மாமி. நான் டொக்டரிட்டக் கேட்டனான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையெண்டு சொன்னவர். நான் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போவன்.”

அஞ்சலோ திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் டொக்டரிடம் கேட்ட கதையை அவன் இப்போதுதான் கேட்கிறான். அவளுடைய கையை எடுத்துத் தன்னுடைய மடியில் வைத்துக்கொண்டான். புஷ்பவதி வாயைத் திறந்தாள். மகனுடைய முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

சங்கடத்தைக் கலைக்க வேண்டும் என்று அந்தோனிப்பிள்ளை ஐயா முன்வந்தார். சரி, நடந்தது நடந்துபோச்சு, நாங்கள் எல்லாரும் றீற்றாவை மன்னித்துவிட்டோம், இனி ஒரு பாட்டைப் படித்து முடிப்போம் என்றார். ஓம் ஓம் என்று நாலைந்து குரல்கள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தமும் கேட்டது.

“ஐயா, அது என்னிலதான் இருக்கு,” என்றாள் தர்ஷனா. சத்தம் போடவில்லை, ஆனால் காது மந்தமான அவருக்கும் கேட்டது. “மன்னிக்கிறதெண்டா நான்தான் மன்னிக்க வேணும். நான் இன்னும் மன்னிக்கேல்லை.”

எல்லோரும் தர்ஷனாவைப் பார்த்தார்கள். அந்த மாலை முழுவதும் முதல் முறையாக அவளைப் பார்த்தார்கள்.

“ஓம்,” என்றாள் றீற்றா.

அந்த வீட்டில் அத்தனை பேர் மன்னித்தும் நிமிராத அவளுடைய தலை அப்போதுதான் நிமிர்ந்தது. வெட்கம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் தர்ஷனாவின் முகத்தை மட்டும் அவளால் நேரே பார்க்க முடிந்தது.